மே மாதம், ஆறு பிள்ளைகள், ஒரே வாரம்: பாடத்தை நிறுத்திவிடலாமா?

கூடல்நகர் அம்மா
வியாழன், இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வந்து படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கடைக்குட்டியைத் தொட்டிலில் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கூடல்நகர் பக்கம் வீடு. ஆறு பிள்ளைகள். மூத்தவளுக்கு 15, அடுத்தவனுக்கு 13, நடுவில் ஒருத்திக்கு 10, இரட்டைப் பையன்களுக்கு 6, கடைக்குட்டிக்கு ஒன்றரை. எல்லோரும் வீட்டில்தான் படிக்கிறார்கள் (கடைக்குட்டியின் படிப்பு சுவரில் கிறுக்குவதோடு சரி). வீட்டுக்காரர் லோகோ பைலட், ரயில் ஓட்டுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டிக்குக் கூப்பிடுவார்கள், மறுநாள் காலை பத்துக்கு வந்து படுப்பார், அடுத்து எப்போது கூப்பிடுவார்கள் என்று அவருக்கே தெரியாது. அவர் படுத்திருக்கும்போது வீட்டில் சத்தம் வரக்கூடாது. ஆறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது எந்த அழகில் நடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மற்ற வாரங்களில் சமாளித்துவிடுவோம். காலையில் திரிகால ஜெபம், பலகாரம், அப்புறம் கணக்கும் தமிழும் பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். பிப்ரவரியில் இரட்டையருக்கு அம்மை போட்டு மூன்று வாரம் போய்விட்டதால், இந்த வருடம் மே மாதமும் நிறுத்தாமல் நடத்துவது என்று தைரியமாக அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். வருகிற வாரத்தில் என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்கு எழுதிப் பார்த்ததும் தலை சுற்றுகிறது.

திங்கள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அன்றைக்குப் பார்த்து அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் திருப்பூரிலிருந்து வருகிறார்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வர வேண்டும், அன்றைக்கு அது நடக்கிற காரியமா? செவ்வாய் முதல் எங்கள் பங்குக் கோயிலில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), காலை 9 முதல் 12.30 வரை. (திங்களே தொடங்க வேண்டியது. சொல்லிக்கொடுக்கிற இளைஞர் பட்டாளமே ஆற்றுக்குப் போய்விடும் என்று ஃபாதர் ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டார்.) செவ்வாய் ராத்திரி வைகை எக்ஸ்பிரஸில் நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர். ஆக மொத்தம் பத்து. புதன்கிழமை அன்பியத்து (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) ஜெபமாலை எங்கள் வீட்டு முறை, முப்பது நாற்பது பேர் வருவார்கள், வருகிறவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. வியாழன் மதியம் 2.30க்கு மூத்தவளுக்கு என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை, மையம் ஊரின் அந்தக் கோடியில். தங்கமான பிள்ளை அவள். கடைக்குட்டியைக் குளிப்பாட்டுவது, இரட்டையருக்குச் சோறு போடுவது, ராத்திரி மாவு அரைத்து வழிப்பது எல்லாம் அவள்தான், அவள் இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. வெள்ளி நடுவுள்ளவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது), சனி ஒத்திகை, ஞாயிறு காலை 7.30 பூசையில் புதுநன்மை (முதல் தடவை நற்கருணை வாங்குவது). பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய உத்தம மனஸ்தாப மந்திரம் அவளுக்கு இன்னும் பாதியிலேயே நிற்கிறது. மதியம் பிரியாணி என்று மாமியார் 60 பேருக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

இதற்கு நடுவில் கத்திரி முடிவதற்குள் மாடியில் வடகம் பிழிய வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது ஒன்றுவிட்டு ஒரு நாள்.

கேள்வி இதுதான். அந்த ஒரு வாரம் பாடத்தை அடியோடு நிறுத்திவிடலாமா, இல்லை காலையில் ஒரு மணி நேரமாவது பிடித்து உட்கார வைக்க வேண்டுமா? நிறுத்தினால், "பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை, வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை" என்று நாத்தனார் வாயில் விழ வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு அக்கா
வெள்ளி, காலை 5.20

தங்கச்சி, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். முதலில் எழுந்து போய் அந்த ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறதைக் கிழித்துப் போடு.

எனக்கு ஏழு. மூன்று பேர் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், நான்கு பேர் இன்னும் கையில். நானும் ஒரு மே மாதம் இதே புத்திகெட்ட வேலையைச் செய்தேன். காலை ஏழு மணிக்கே நோட்டைத் திறந்து உட்கார வைத்து, கண் சொருகுகிற பிள்ளையைத் தட்டித் தட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நான்கு பேருக்குக் காய்ச்சல். ஜூன் மாதம் அதே பின்னத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன், மே மாதத்துப் பின்னம் ஒருத்தன் மண்டையிலும் தங்கவில்லை.

வி.பி.எஸ்.ஸில் தினம் மூன்றரை மணி நேரம் உட்காருகிறார்கள். பாட்டு, வசனம், நாடகம், கைவேலை எல்லாம் அங்கேயே நடக்கிறது. அது போதும். வடகம் பிழிவதைக் கணக்குப் பாடம், அறிவியல் பாடம் என்று நோட்டில் எழுதிவைக்கிற கூட்டம் ஒன்று உண்டு, நான் அதில் சேர்த்தி இல்லை. வடகம் வடகம்தான். பாடம் நடக்காத நாளில் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போ, யாருக்குப் பயம்?

ஒன்றை மட்டும் விடாதே. மதியம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தை ஈரத்துணி போட்டுத் துடைத்து, ஜன்னலில் நனைத்த பழைய வேட்டியைக் கட்டி, பத்து உருப்படியையும் வெறுந்தரையில் படுக்க வை. ஒன்றரையிலிருந்து மூன்று வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது, பேசக்கூடாது, நீ கதை சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரர் தூக்கத்துக்கும் அதுதான் மருந்து. நான் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கதை சொல்வேன். லிஸ்பனில் அரண்மனைப் பிள்ளையாக வளர்ந்தவர். சின்ன வயதில் நோயில் படுத்தபோது, பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபை அங்கி போட்டுவிடுகிறேன் என்று அவருடைய அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். அந்தச் சின்ன அங்கியோடு அரண்மனையில் சுற்றியிருக்கிறார். நம் ஊரில் பழனிக்கு நேர்ந்துகொள்கிற மாதிரிதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும். அப்புறம் மதுரை மிஷன், காவி, மரக்கறிச் சாப்பாடு, மறவர் சீமை, கடைசியில் 1693ல் ஓரியூர். மூன்று மதியம் இழுக்கலாம். தலைவெட்டு வரும் இடத்தில் என் பையன்கள் மறுபடி ஒரு தடவை என்று கேட்பார்கள், அவர்கள் ரசனை அப்படி.

60 பேர் பிரியாணி விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நீ மாட்டியிருக்கிறாய். என் மூன்றாமவள் புதுநன்மைக்கு நாங்களும் அண்டா வைத்தோம். சமையல்காரரை நம்பிக் கோயிலுக்குப் போனோம், பூசை முடிந்து வந்தால் அண்டா அடியோடு தீய்ந்து தெருவே மணக்கிறது, சமையல்காரர் திண்ணையில் தூங்குகிறார். புதுநன்மை வாங்கின பிள்ளை வெள்ளைக் கவுனோடு புரோட்டாக் கடையில் நின்றது. பூசை 7.30க்கு என்றால் ஒன்பதேகாலுக்கு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டை மாற்றிக் காலைப் பலகாரமாக வை. ஃபாதரிடம் கேட்டுக் கோயில் வளாகத்து மரத்தடியிலேயே இட்லி, வடை, கேசரி, சாம்பார், இரண்டு சட்னி. செலவு பாதிக்குக் கீழே. பத்தரைக்குள் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், உன் வீட்டில் ஒரு தட்டு கழுவ வேண்டாம். மாமியாரிடம் நீ சொல்லாதே, மகன் வாயால் சொல்லவை.

புதன்கிழமை சுண்டலை அன்பியத்தில் யாராவது ஒருத்தர் அவித்துக் கொண்டுவரட்டும், கேட்டால் செய்வார்கள், நாம்தான் கேட்பதில்லை. நீ பானகம் மட்டும் கரை.

முன்னாள் மாஸ்டர்
வெள்ளி, காலை 9.05

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன், இப்போது பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். அமெரிக்காவில் கத்தோலிக்கர்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்றால் காரணம் புரிகிறது. அங்கே அரசுப் பள்ளியில் மறைக்கல்வி கிடையாது, கத்தோலிக்கப் பள்ளியில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டி மாளாது. மதுரை அப்படிப்பட்ட ஊரா? 1606ல் தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி என்ற சேசு சபைச் சாமியார்) வந்து இறங்கிய ஊர். தடுக்கி விழுந்தால் சாமியார் பள்ளிக்கூடமோ சிஸ்டர் பள்ளிக்கூடமோ இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு ஏன் இந்தப் பாடு? நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும், ஆனால் அந்த வாரப் பட்டியலைப் படித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

கேட்டதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுவுள்ளவள் மந்திரம் பாதியில் நிற்கிறது என்று பயப்பட வேண்டாம். எந்தச் சாமியாரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மனப்பாடப் பரீட்சை வைப்பதில்லை, பிள்ளை திக்கினால் கூடவே சேர்ந்து சொல்லிவிடுவார். என்ன செய்தோம், எதற்காக வருத்தப்படுகிறோம் என்று அவள் தன் வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். இன்னொன்று, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நடுராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பார்கள். அது பழைய சட்டம். 1964லிருந்து நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரைதான் ஒருசந்தி, தண்ணீருக்கும் மருந்துக்கும் அதுவும் கிடையாது. மே மாத வெயிலில் பிள்ளையைக் காயப்போட்டுப் பீடத்துக்கு முன்னால் மயங்கி விழ வைக்காதீர்கள், ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு விழுகிறது.

கூடல்நகர் அம்மா
வெள்ளி, பகல் 1.40

மாஸ்டர் ஐயா, கோபமெல்லாம் இல்லை. எங்கள் ஃபாதரும் முதல் வருடம் இதையேதான் கேட்டார். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துகொண்டே இருந்தது, மதுரை, விருதுநகர், செங்கோட்டை, மறுபடி மதுரை. மூத்தவள் நாலு வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம் பார்த்தாள். அதோடு இரண்டாமவனுக்குப் பேச்சில் திக்கு உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) வாசிக்க எழுப்பிவிட்டு வகுப்பே சிரித்தது, டீச்சரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவன் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் டி.சி. வாங்கிவிட்டோம். பக்தியால் எடுத்த முடிவு என்று சொன்னால் பொய், அந்தச் சாயங்காலத்தால் எடுத்தது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்று 1965லேயே வத்திக்கான் சங்கம் சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு ஃபாதர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பையன் இப்போது பீடச்சிறுவன், ஞாயிறு பூசையில் மணி அடிக்கிறான், திக்கு இன்னும் இருக்கிறது, சிரிக்கத்தான் ஆள் இல்லை. அடுத்த வருடம் 14 முடிந்ததும் அவனுக்கும் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிய வேண்டும்.

தண்ணீர் விஷயம் சொன்னதற்கு மிகவும் நன்றி ஐயா, மாமியார் அதே நடுராத்திரிக் கணக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா, கிழித்துவிட்டேன்.

எட்டில் மூத்தவள்
வெள்ளி, இரவு 10.15

அம்மா என்று கூப்பிடலாம்தானே. நான் வீட்டில் படித்தவள், எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள், எங்கள் ஊர் சிவகங்கை பக்கம், இப்போது திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். நைட் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் எழுதுகிறேன், கடுமையாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். மூத்தவளைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரியில் பரீட்சை. மீதி இரண்டு வரியில் அவள் பார்க்கிற வேலை. அறிவியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி உங்கள் வீட்டில் நாற்பது பேர் ஜெபமாலை, அதற்கு முந்தின ராத்திரி வைகையில் வருகிற பிள்ளைகளுக்கு யாராவது முழித்திருந்து சோறு போட வேண்டும், அது யார் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் இரட்டையர் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் பாடம் போனால் என்ன கெட்டுவிடும்? அந்த வாரத்தில் நிஜமாகவே பாடம் படிக்க வேண்டியவள் வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள், அவளுக்குத்தான் நேரம் இல்லை.

எங்கள் அம்மாவும் என்னைத் தங்கம் என்றுதான் சொல்வார். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பரீட்சை அன்று காலை பதினொரு மணி வரை நான் தம்பிக்கு வாந்தி அள்ளிக்கொண்டிருந்தேன். குறை சொல்லவில்லை, அம்மாவுக்கும் வேறு கை இல்லை. ஆனால் அப்போது யாராவது ஒருத்தர், நீ புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போ என்று என்னைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன். தங்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் முடியாது என்று சொல்ல வாய் வராது அம்மா.

மதுரையில் இப்போது கலைஞர் நூலகம் இருக்கிறது, புது நத்தம் சாலையில், 2023ல் திறந்தது. ஏ.சி., உட்கார்ந்து படிக்க நல்ல இடம். செவ்வாயும் புதனும் அவளை அங்கே அனுப்பிவிடுங்கள், தயிர்சாதம் கட்டிக்கொடுத்து. துணைக்குத் தம்பி போகட்டும், அவனுக்கும் படிக்க ஏதாவது கிடைக்கும். ஜெபமாலைக்கு ஆறரைக்கு வந்தால் போதும். வியாழன் மதியம் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். 2.30 பரீட்சை என்றால் ஒரு மணி வெயிலில் கிளம்ப வேண்டும், அப்பா பைக்கில் கொண்டுபோய் விடட்டும், ஒரு நாள் லீவு கேட்டால் என்ன? அவள் பயந்துகொண்டிருந்தால் இதையும் சொல்லுங்கள்: என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது தடவை எழுதலாம், ஒரு பாடம் போனால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். நான் கணக்கை இரண்டாவது தடவைதான் பாஸ் செய்தேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நத்தம் மாந்தோப்பு
சனி, காலை 6.30

எனக்கு நாலு பிள்ளை, ஸ்கூலுக்குத்தான் போகிறார்கள், அதனால் பாட விஷயத்தில் வாய் திறக்கவில்லை. வடகம் பற்றி மட்டும். இரட்டைப் பையன்கள் இருக்கிற வீட்டில் மாடிக் கதவுக்குப் பூட்டு போடாமல் வடகம் பிழியாதீர்கள். காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்தால் ஓடிவிடும், பையன்களுக்கு அது எடுபடாது.

மேலே எழுதியிருக்கிற நர்ஸ் தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு என் மூத்த மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

கூடல்நகர் அம்மா
பத்து நாள் கழித்து, செவ்வாய், பகல் 2.10

என்ன ஆயிற்று என்று வத்தலக்குண்டு அக்கா தனிச்செய்தியில் இரண்டு தடவை கேட்டுவிட்டார், எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நர்ஸ் தங்கச்சி எழுதியதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். யாரோ ஒரு பெண் என் வீட்டை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. விடிந்ததும் மூத்தவளிடம், செவ்வாயும் புதனும் நூலகம் போகிறாயா என்றேன். "அப்ப இவனை யார் குளிப்பாட்டுவா?" என்றாள். எத்தனை மணிக்குப் போவது, எந்தப் பஸ் என்று எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் வந்தது.

திங்கள் அண்ணன் பிள்ளைகள் வந்த கதை தனி. ஆரப்பாளையத்துக்கு முன்பே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அண்ணன் இரண்டு பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து நடந்தே வந்திருக்கிறான். வழியில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இவர்களையும் சேர்த்து நனைத்துவிட்டார்கள். வாசலில் சொட்டச் சொட்ட நின்ற பிள்ளைகள், மாமா எங்கே, அத்தை எங்கே என்று கேட்கவில்லை, "நாளைக்கும் அழகர் வருவாரா?" என்றுதான் கேட்டார்கள்.

செவ்வாய், புதன் மதியம் அருளானந்தர் கதை. முதல் நாள் எட்டுப் பேர் கேட்டார்கள், இரண்டாம் நாள் நாத்தனார் பிள்ளைகளும் சேர்ந்து பத்து. (மூத்தவளும் அவள் தம்பியும் நூலகத்தில், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு உருப்படி வந்து படுத்துக்கொண்டது, கணக்கு சரிதான்.) வீட்டுக்காரர் உள்ளே தூங்குகிறார் என்று நினைத்துக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தேன், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து "ஓரியூர் எப்போ வரும்?" என்று குரல் வருகிறது.

புதன் ராத்திரி ஜெபமாலை. மகிமைத் தேவ ரகசியம், மூன்றாவது, தூய ஆவியார் இறங்கி வந்ததைத் தியானிப்போமாக என்று எங்கள் அன்பியத்துப் பாட்டி சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. ஒரு நொடி எல்லோரும் அப்படியே இருந்துவிட்டு அப்புறம் சிரிப்பு. மாதா முன்னால் இருந்த இரண்டு மெழுகுவர்த்தியோடு மீதியையும் சொல்லி முடித்தோம். சுண்டலை எதிர்வீட்டு அக்காவே அவித்துக் கொண்டுவந்தார், ஒரு வார்த்தைதான் கேட்டேன். மூத்தவள் ஆறே முக்காலுக்கு வந்தாள், கை கால் கழுவி நேரே வந்து உட்கார்ந்தாள், டம்ளர் எடுத்துக் கொடுக்க எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

வியாழன் அவள் அப்பா லீவு போட்டுப் பைக்கில் கூட்டிப்போனார். அவளை உள்ளே விட்டுவிட்டு மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம், வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பப் போயிருக்கலாம், போகவில்லை. பரீட்சை எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்கிறாள். அதற்கு மேல் நானும் தோண்டவில்லை.

வெள்ளிக்கிழமை நடுவுள்ளவள் மந்திரத்தை நடுவில் மறந்துவிட்டாள். மாஸ்டர் ஐயா சொன்ன மாதிரியே ஃபாதர் கூடச் சேர்ந்து சொன்னாராம். "ஃபாதருக்கே ஒரு இடத்துல மறந்துபோச்சும்மா, நான்தான் எடுத்துக்கொடுத்தேன்" என்று வந்து சொன்னாள். நிஜமா, கதையா தெரியாது, தொட்டிக்குள் நடந்ததைக் கேட்கக்கூடாது.

பிரியாணி நின்றது. மகன் போய்ச் சொன்னார், மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குப் பிள்ளைக்கு நான் தண்ணீர் கொடுத்தபோது சமையலறை வாசலில்தான் நின்றார், பார்த்தும் பார்க்காத மாதிரி பால் காய்ச்சப் போய்விட்டார். மரத்தடியில் இட்லி, வடை, கேசரி. இட்லி 260 போயிற்று. "வடை நல்லாயிருக்கு" என்று மாமியார் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது, எனக்கு அது போதும். நாத்தனார்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர், ஒரு வாரமாகப் பாடமே நடக்கவில்லை போல என்று ஆரம்பித்தார். ஆமாம், நடக்கவில்லை என்றேன். மேற்கொண்டு பேச அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நத்தம் தம்பி, பூட்டு போட்டோம். சாவியை ஆணியில் மாட்டியிருந்தோம், ஸ்டூல் போட்டு எடுத்துவிட்டார்கள். கால்வாசி வடகத்தில் ஆறு வயதுக் குதிகால் பதிந்திருக்கிறது. நேற்று ரசத்துக்குப் பொரித்தேன், குதிகால் பதிந்தது கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் மொறுமொறுவென்று வந்தது.

மூத்தவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. நேற்றுக் காலை தலை வாரிக்கொண்டு நின்று, "அம்மா, பரீட்சை இல்லாட்டியும் நூலகத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் என்று பேசி வைத்திருக்கிறோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். இன்று கடைக்குட்டியை நான்தான் குளிப்பாட்டினேன், அக்கா முதலில் காலில் ஊற்றுவாளாம், நான் தலையில் ஊற்றிவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான், அவன் அப்பா எழுந்துவிட்டார்.